புதுப்பிப்பு: அக்காவின் மார்பில் வலியில்லாத கட்டி, என்ன ஆச்சு

இரண்டு மாதம் முன்னால் கேட்டிருந்தேன்: அக்காவுக்கு 44 வயது, இடது மார்பில் சுண்டைக்காய் அளவு கட்டி, வலி இல்லை, விட்டுவிடலாமா என்று. பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி.

கைகொடுத்தது "கண்ணாடி முன்னால் நின்று இரண்டு கையையும் தூக்கிப் பாருங்கள்" என்ற யோசனைதான். கை கீழே இருந்தவரை ஒன்றுமில்லை, தூக்கியதும் கட்டிக்கு மேலே தோல் உள்ளே இழுத்து, பிசைந்த மாவில் விரலை அழுத்தியது போல ஒரு குழி. அதுவரை அக்கா, தண்டையார்பேட்டையில் எங்கள் தெரு கிளினிக்கில் "வலி இல்லையா, அப்போ கொழுப்புக் கட்டிதான்" என்றதையே பிடித்துக்கொண்டிருந்தாள். மார்பகப் புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்கவே வலிக்காதாம்!

எதிர்பாராதது, மேமோகிராமில் (மார்பகத்தை எடுக்கும் எக்ஸ்ரே) சரியாகத் தெரியவில்லை. மார்புத் திசு அடர்த்தியாக இருந்தால் படத்தில் அதுவும் வெள்ளை, கட்டியும் வெள்ளை. அப்புறம் அல்ட்ராசவுண்டில் பிடிபட்டு, ஊசி பயாப்ஸியில் (ஊசியால் துளி திசு எடுத்துச் சோதிப்பது) புற்றுநோய் என்று உறுதியானது. அக்குளில் பரவவில்லை, ஆரம்ப நிலை. மார்பை முழுசாக எடுக்காமல் கட்டியையும் சுற்றிக் கொஞ்சத்தையும் எடுத்தார்கள், அடுத்து ரேடியேஷன்.

காம்பில் ரத்தம் கசிந்ததா என்று கேட்டவருக்கு: இல்லை, காம்பு உள்ளே இழுக்கவும் இல்லை, அந்தக் குழி மட்டும்தான். நேற்று காசிமேட்டில் மீன் வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறாள், பை இடது கையில்!