சிக்லிட் மீன்கள் மூன்றில் ஒன்றை மற்ற இரண்டும் கொன்றுவிடும் போலிருக்கிறது, உதவி தேவை

அம்மாபேட்டை மாணவி:
வணக்கம். என் தொட்டியில் இரண்டு சிக்லிட்கள் சேர்ந்துகொண்டு நேற்று மாலையிலிருந்து மூன்றாவதை ஓட ஓட விரட்டுகின்றன. வால் நார்நாராகக் கிழிந்த நிலையில் அது ஃபில்டர் குழாய்க்கும் கண்ணாடிக்கும் இடையில் உடலைச் செருகிக்கொண்டு அசையாமல் நிற்கிறது. ஆறு மாதமாக ஒன்றாக வளர்ந்தவை. இன்றிரவுக்குள் என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள்.

சூரமங்கலத்தான்:
எந்த வகை, தொட்டி எத்தனை அடி, மீன்கள் எவ்வளவு நீளம்? சிக்லிட் என்பது ஒரு பெரிய குடும்பம். மேட்டூர் அணையில் பிடிபடும் ஜிலேபிக் கெண்டைகூட அதில்தான் சேரும்.

ஏற்காடு காப்பிக்காடு:
எனக்கு வெப்பத்தின் மேல்தான் சந்தேகம். தண்ணீர் சூடேறினால் மீனின் உடல் வேகமாக இயங்கும், சண்டையும் கூடும். நான் இருக்கும் மலையில் ஹீட்டர் போட்டே வளர்க்கிறேன். அதை 28 பாகையிலிருந்து 25-க்கு இறக்கியபோது துரத்தல் பாதியாகக் குறைந்ததைக் கண்ணால் பார்த்தேன். சேலத்து வெயிலில் உங்கள் தொட்டி என்ன சூட்டில் இருக்கிறது?

மலாவிப் பிரியன்:
மூன்று என்ற எண்ணிக்கைதான் தவறு. பத்தாக ஆக்குங்கள், தாக்குதல் ஒன்றின் மேலேயே விழாமல் எல்லாவற்றுக்கும் பங்காகிவிடும். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியைச் சேர்ந்த என் சிக்லிட்களை அப்படித்தான் அடக்கி வைத்திருக்கிறேன்.

பழைய உறுப்பினர்:
தொட்டியின் அளவைக்கூடச் சொல்லாமல் உதவி கேட்பது, நோயாளியை வீட்டில் விட்டுவிட்டு வைத்தியரிடம் மருந்து கேட்பதற்குச் சமம். இதை இங்கே எத்தனை முறை எழுதியிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. பத்தாக்கச் சொன்ன தம்பியும் கவனிக்க வேண்டும்: இப்படி மீன்களை நெருக்கமாக வைக்கும் நெரிசல் முறை, நான்கடித் தொட்டி, இரட்டை ஃபில்டர், வாராவாரம் தண்ணீர் மாற்றம் ஆகியவை இருந்தால்தான் நிற்கும், அதுவும் பாறை இடுக்குகளில் கூட்டமாக வாழும் மலாவி மீன்களுக்குத்தான் பொருந்தும்.

மலாவிப் பிரியன்:
என்னுடையது மூன்றடித் தொட்டி, ஐயா. இரண்டு ஆண்டுகளாக ஒரு மீன்கூடச் சாகவில்லை.

பழைய உறுப்பினர்:
சாகாமல் இருப்பது வேறு, நலமாக இருப்பது வேறு. மீன் கழிவால் தண்ணீரில் சேரும் அம்மோனியாவை அளந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அம்மாபேட்டை மாணவி:
மன்னிக்கவும். தொட்டி இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். கடையில் கான்விக்ட் என்று சொல்லிக் கொடுத்தார்கள். உடலில் கறுப்புப் பட்டைகள் உண்டு. துரத்தும் இரண்டில் சிறியதற்கு வயிற்றோரம் ஆரஞ்சு நிறம் தெரிகிறது. அவை உள்ளே வைத்திருக்கும் பூத்தொட்டியை விட்டு நகர்வதே இல்லை. அதன் உட்சுவரில் கசகசாவைவிடச் சற்றுப் பெரிய மணிகள் ஒட்டியிருக்கின்றன. உணவுத் துகள் என்று நினைத்ததால் முதலில் சொல்லவில்லை.

சூரமங்கலத்தான்:
அம்மா, அவை முட்டைகள். ஆரஞ்சு வயிறு பெண்மீனின் அடையாளம். ஜிலேபிக் கெண்டையில் தாய் முட்டைகளை வாயில் வைத்துக் காக்கும். கான்விக்டோ மத்திய அமெரிக்க மீன், தாயும் தந்தையும் முட்டையிட்ட இடத்தையே சேர்ந்து காவல் காக்கும். உங்கள் தொட்டி விளிம்பு வரை நிரப்பினாலும் 56 லிட்டர்தான், அது முழுவதும் அந்த இணையின் எல்லையாகிவிட்டது. மூன்றாவது மீன் ஒதுங்குவதற்கு அங்கே இடமில்லை. அதை இப்போதே வாளிக்கு மாற்றுங்கள். வாளியில் தொட்டித் தண்ணீரையே ஊற்றி, காற்றுக் குமிழிகளை விடும் காற்றுக்கல் போட்டு, மீன் துள்ளி விழாமல் வலையால் மூடுங்கள். தினமும் மூன்றில் ஒரு பங்கை, குளோரின் நீக்கிய தண்ணீரால் மாற்றுங்கள். முட்டை பொரிக்க மூன்று நாள் அளவில் ஆகும், அதன் பிறகும் பெற்றோர் வாரக்கணக்கில் குஞ்சுகளைக் காக்கும். ஆகவே வால் ஆறியதும் அதைத் திரும்ப விட்டுவிடாதீர்கள், வேறு தொட்டியோ வேறு வீடோ பாருங்கள்.

ஏற்காடு காப்பிக்காடு:
முட்டைதான் காரணம் என்பதை ஏற்கிறேன். ஆனாலும் வெப்பம் கூடும்போது இவை முட்டையிடத் தொடங்குவதும் உண்மைதானே?

பழைய உறுப்பினர்:
தூண்டுதலாக இருக்கலாம். ஆனால் தண்ணீரைக் குளிர வைத்தால் பெற்றோர் காவலை விட்டுவிடும் என்று எண்ண வேண்டாம். பூத்தொட்டியையும் கற்களையும் இப்போது இடம் மாற்றாதீர்கள். முட்டை இல்லாத காலத்தில் எல்லைச் சண்டையைக் கலைக்க அப்படி இடம் மாற்றுவது நல்ல வழி.

அம்மாபேட்டை மாணவி:
மாற்றிவிட்டேன். இன்று காலை வாளியில் ஒரு உணவு உருண்டையைத் தின்றது. நன்றி.