கையால் கீறும் ஆட்ட வரைபடங்கள்: திருகோணமலையில் எது சரிவரும், எது சறுக்கும்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போல, மேசையில் வரைபடம் விரித்து, அதில் காய் வைத்து ஆடும் கதை ஆட்டங்களுக்கு வரைபடம் கீறுவது பற்றிப் புனைபெயரில் மூன்று பேர் சொல்வது.

சதுரக்கொப்பி:

நிலவறை வரைபடத்துக்கு ஏ5 தாளுக்கு மேல் போகாதீர்கள். 5 மி.மீ. சதுரக் கொப்பியில் ஓரம் விட்டாலும் 27க்கு 40 கட்டம் கிடைக்கும். ஒரு கட்டம் 5 அடி என்று வைத்தால், ஓர் இரவு ஆட்டத்துக்கு அது தாராளம்.

முதலில் அறைகளைக் கீறுவதுதான் பலர் செய்கிற பிழை. வழிகளைக் கீறுங்கள். வாசலில் இருந்து உள்ளே போக இரண்டு வழி, அவை மூன்றாவது அறையில் சந்திக்க வேண்டும், அங்கிருந்து வெளியே இன்னொரு வழி. ஒற்றை வழியாகப் போனால் ஆடுகிறவர்களுக்குத் தீர்மானிக்க ஒன்றும் இல்லை, வரைபடம் வெறும் படமாகிவிடும். வழிகள் சரியென்றால் மட்டும் 2எச் பென்சிலால் சுவர், அதன் பிறகு பேனை.

சண்டை நடக்கப்போகிற நடைபாதை இரண்டு கட்டம் அகலம் இருக்கட்டும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பில் பெரிய மிருகம் 2க்கு 2 கட்டம் பிடிக்கும். ஒரு கட்டப் பாதையில் அது நெரிந்து நெரிந்துதான் நகரும், அடிக்கும்போதும் பாதகம். ஆட்கள் வரிசையில் நின்றால் முன்னால் நிற்கிறவர் அடிப்பார், பின்னால் நிற்கிற மூன்று பேர் போனைப் பார்ப்பார்கள். அறைக்கும் இதே கணக்கு. ஃபயர்போல் (தீப்பந்து) மந்திரத்தின் ஆரை 20 அடி, அதாவது குறுக்கே 8 கட்டம். 6க்கு 6 அறையில் அதை வீசினால் ஒதுங்க மூலை கிடையாது. 10க்கு 8 அறை, நடுவில் இரண்டு தூண், ஒரு பக்கம் படி என்று வைத்தால் மறைய இடம் வரும்.

கோட்டுத் தடிப்பு (மி.மீ.): சுவர் 0.8, கதவும் தளபாடமும் 0.3, கட்டக்கோடு 0.1. எல்லாவற்றையும் ஒரே பேனையால் கீறினால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குச் சுவர் எது, கட்டம் எது என்று தெரியாது. சுவருக்கு வெளியே நிழற்கோடு போடுவதாயின், மூன்று நான்கு குறுங்கோடுகளை ஒரு கொத்தாகப் போட்டு, அடுத்த கொத்தைச் சாய்த்துப் போடுங்கள். அகலம் ஒரு கட்டம் போதும். அதற்கு மேல் போட்டால் கைதான் உளையும்.

கச்சான்காற்று:

பேனையைப் பற்றி மேலே சொன்னது சரி, ஆனால் இங்கே காலநிலையையும் சேர்க்க வேணும். வாடைக்காற்று மாரியில் தாள் ஈரம் உறிஞ்சும். ஜெல் பேனை மை காயாது, உள்ளங்கை பட்டால் இழுபடும். பிக்மென்ட் மையுள்ள பைன்லைனர் (மெல்லிய முனைப் பேனை) வாங்குங்கள். கடையிலேயே துண்டுத்தாளில் ஒரு கோடு கீறி, ஒரு நிமிடம் விட்டு, ஈர விரலால் தேய்த்துப் பாருங்கள். மை பரவினால் அது வேண்டாம். கீறும்போது கைக்குக் கீழே ஒரு வெற்றுத் தாள் வைப்பது எந்தக் காலத்திலும் நல்லது.

வறண்ட கச்சான்காற்று அடிக்கிற மாதங்களில் பிரச்சினை மறுபக்கம். தாள் காய்ந்து ஓரம் சுருளும், உப்புவெளிப் பக்கம் விறாந்தையில் ஆடினால் பறக்கும். பிரிஸ்டல் போட் மட்டையில் ஒட்டுங்கள். கம்மைத் தண்ணியாகப் பூசினால் மட்டையே வளையும், ஒட்டுக்குச்சி நல்லது. தேயிலைச் சாயத்தில் தோய்த்துப் பழசாக்குவதைப் படத்தில் பார்க்க வடிவுதான். நெளிந்த தாளில் காய் ஒன்றும் நிமிர்ந்து நிற்காது. கையில் கொடுக்கிற புதையல் துண்டுக்கு மட்டும் செய்யுங்கள்.

இருபதுமுகம்:

நிலவறை போதும், வெளியே வாங்கோ. நிலப்பரப்பு வரைபடத்துக்கு எங்கள் ஊரைவிட நல்ல மாதிரி எங்கே கிடைக்கும்? 1624இல் போர்த்துக்கேயர் கோட்டை கட்டிய கோணேசர் மலை முனையைப் பாருங்கள். ஒரு பக்கம் டச்சுக் குடா, மறுபக்கம் பின்குடா, நுனியில் செங்குத்துப் பாறை, தரைவழியாக வர ஒடுங்கிய ஒரு கழுத்து மட்டும். கோட்டை வாசலில் இருந்து கோயில்வரை ஒரு கிலோமீற்றர் அளவு. கட்டத்துக்கு 100 அடி என்றால் 33 கட்டத்தில் அடங்கிவிடும், ஏ5இலேயே கீறலாம். வாசலால் சண்டை பிடித்துப் போவதா, இருட்டில் வள்ளத்தில் வந்து பாறையில் ஏறுவதா என்ற கேள்வியை நிலமே கேட்கும். கோயிலைக் கோயிலாக வைக்காமல் வெளிச்சவீடாகவோ காவல்கோபுரமாகவோ மாற்றிவிடுங்கள். அங்கே வாள் சுழற்றுவது எனக்குச் சரியாகப்படவில்லை.

கொட்டியாரக் குடாவுக்குச் சதுரத்துக்குப் பதில் அறுகோணக் கட்டம், ஒன்று ஒரு மைல் அகலம், பொருத்தம். சாதாரண நடை மணிக்கு 3 மைல், அதாவது மூன்று அறுகோணம். சேற்றிலும் காட்டிலும் பாதி. பெரிய தேசமென்றால் 6 மைல் அறுகோணம், நாளுக்கு 24 மைல், ஆகவே நான்கு. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை அந்த இடத்தைப் பாதையில் (ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவை) ஏறித்தான் கடக்க வேண்டியிருந்தது. தெற்கே போகப்போக இன்னும் ஆற்றுவாய்கள், அன்று இன்னும் பாதைகள் இருந்தன. உங்கள் வரைபடத்திலும் பாலத்தை எடுத்துவிட்டுப் பாதையை வையுங்கள். காத்திருப்பு, கூலி, அக்கரையில் நிற்பது யார் என்று ஒரு கடவையிலேயே மூன்று சிக்கல் வரும்.

அறுகோணம் கீற: கவராயத்தை 10 மி.மீ.க்கு வைத்து வட்டம் போட்டு, அதே அளவால் சுற்றளவில் ஆறு தரம் வெட்டுங்கள். பக்கத்துக்குப் பக்கம் 17.3 மி.மீ., நிரலுக்கு நிரல் 15 மி.மீ. பிழை மெல்லமெல்லக் கூடும் என்பதால் ஒவ்வொன்றாக அடுக்காமல், முதலில் நிரல் கோடுகளைத் தாள் முழுக்க அளந்து குறியுங்கள். பொறுமை இல்லாதவருக்குக் குறுக்குவழி: சதுரக் கொப்பியில் 2க்கு 2 கட்டப் பெட்டிகளைச் செங்கல் சுவர்போல வரிக்கு வரி ஒரு கட்டம் தள்ளிக் கீறுங்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் ஆறு அயல் பெட்டி. ஆட்டத்துக்கு அறுகோணம் செய்கிற வேலையை அது செய்யும்.

சதுரக்கொப்பி:

செங்கல் முறை நல்லது. எண் போடுவதும் சுகம்.

போட்டோகொப்பி பற்றி: ரகசியக் கதவு, பொறி எல்லாம் எழுத முன், ஆடுகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். அவற்றை வெளிர்நீலப் பென்சிலால் எழுதினால் பிரதியில் விழாது என்பார்கள். பழைய மெசினுக்கு அது சரி, இப்போதைய டிஜிட்டல் மெசின் பிடித்துவிடும், வெளிச்சத்தைக் கூட்டச் சொல்ல வேணும். ஏ5இலிருந்து ஏ4க்கு 141 சதவீதம். கோடும் சேர்ந்து தடிக்கும். ஆனால் 5 மி.மீ. கட்டம் 7 மி.மீ. ஆகுமே தவிர, காய் நிற்கிற 25 மி.மீ.க்கு வராது. அதற்கு ஐந்து மடங்கு வேணும். ஆகவே சண்டை நடக்கிற ஓர் அறையை மட்டும் ஏ4இல் 25 மி.மீ. கட்டத்தில் தனியாகக் கீறுங்கள், 8க்கு 11 கட்டம் வரும். மெசின் ஓரத்தில் சில மி.மீ. விழுங்கும், அங்கே சுவரை வைக்காதீர்கள்.

கச்சான்காற்று:

அந்தப் பிரதிகளை மென்மையான பீவீசி பிளாஸ்ரிக் உறைக்குள் வைக்காதீர்கள். சூட்டில் டோனர் உறையில் ஒட்டி, தாளை இழுக்க எழுத்து உரிந்து வரும். பொலிப்புரொப்பிலீன் உறை பரவாயில்லை. லமினேற் செய்தால் ரியூப் லைற் வெளிச்சம் பட்டு மினுங்கும், ஆனால் வைற்போட் மார்க்கரால் கீறி அழிக்கலாம். இரவு முழுக்க விட்டு மறுநாள் அழியாவிட்டால், அதே மார்க்கரால் மேலே இன்னொரு தரம் கீறி ஈரம் காயமுன் துடையுங்கள்.