முல்லைத்தீவிலிருந்து கன்னியா, கோணேஸ்வரம்: தை மாதம் எந்தப் பாதை?

வணக்கம் உறவுகளே. கன்னியா வெந்நீர்க் கிணறுகளையும் கோணேஸ்வரம் கோயிலையும் பார்க்க, முதியோரும் சின்னப் பிள்ளைகளுமாக ஒரு வான் வண்டியில் திருகோணமலைக்குப் போக வேணும். கொக்கிளாய், புல்மோட்டைப் பாதைதான் கிட்ட. ஆனால் மாரி மழைக்குப் பிறகு கொக்கிளாய்க் களப்பை (கடலேரியை) சுற்றுகிற பகுதியில் வான் தாண்டுமா? இல்லாட்டி வவுனியா, ஹொரவப்பொத்தானை வழி. தூரம் கூட, எண்டாலும் கன்னியா, திருகோணமலை நகருக்கு முன்னமே வந்துவிடும்.

தாயின் ஈமக்கிரியைக்காக இராவணன் உண்டாக்கினதாகச் சொல்லுற கன்னியாவின் அந்த ஏழு வெந்நீர்க் கிணறும் ஒவ்வொரு சூடு. பிள்ளைகளுக்கு இளஞ்சூட்டில்தான் தொடங்க வேணும், எடுத்தவுடன் கடுஞ்சூடு கூடாது. வாளி அங்கேயே இருக்கா? கோணேசர் கோயில் நடை மத்தியானம் எத்தனை மணிக்குச் சாத்துவினம்? கோயிலடிப் பாறைப் பிளவான இராவணன் வெட்டைப் பார்க்காமல் திரும்ப மனமில்லை. நிலாவெளிக் கடலில இருக்கிற புறாத்தீவை விட்டிட்டம்; தையில் கடல் கொந்தளிப்பு, தண்ணியும் கலங்கல், பவளப்பாறை தெரியாது.

அண்மையில் போய்வந்த ஆக்கள் பாதை நிலவரத்தைக் கட்டாயம் சொல்லுங்கோ.