அந்தியில் ஊருணிக்கு மேல பறக்குறது பழந்தின்னி வௌவாலா, சீழ்க்கைச்சிறகியா?

செட்டிநாட்டான்:
கானாடுகாத்தான் பக்கம் ஊருணிக்கரையில பொழுது சாஞ்சதும் கறுப்பாப் பெருசாப் பறக்குது. பாதிப் பேர் வௌவால்ங்கிறாங்க, மீதிப் பேர் சீழ்க்கைச்சிறகிங்கிற வாத்துங்கிறாங்க. நிறமே தெரியல, எதை வச்சுப் பிரிக்கிறது?

கண்மாய்க்கரை:
நிறத்தை விடுங்க. மேற்கு வானத்தைப் பார்த்து நின்னு உருவத்தை மட்டும் கவனிங்க. சிறகிக்குக் கழுத்து நீண்டு கொஞ்சம் தாழ்ந்திருக்கும், கால் வாலைத் தாண்டித் துருத்தும். வௌவாலுக்கு வாலே கிடையாது. இறக்கையோட பின்னோரம், விரிச்ச குடைத்துணி மாதிரி விரலுக்கு விரல் உள்வாங்கியிருக்கும். வீச்சும் நிதானம். இறக்கை விரிச்சா நாலடி வரும், எடை ஒரு கிலோவைத் தாண்டலாம்; சிறகி சுமார் அரைக்கிலோதான்.

தண்ணியில இறங்குறதைப் பார்த்துட்டு வாத்துன்னு முடிவு கட்டாதீங்க. வௌவால் பறந்த வாக்குலயே நெஞ்சு ரோமத்தை நனைச்சுக்கிட்டு எழும்பிடும், அப்புறம் மரத்துல தொங்கி அதை நக்கிக் குடிக்கும். தண்ணியிலயே உட்கார்ந்து மிதந்தா சிறகி.

புள்ளிமூக்கன்:
காதையும் தீட்டிக்குங்க அண்ணே. சிறகி பறக்கும்போதே சீட்டியடிச்சுக்கிட்டுப் போகும், பேரே அதனாலதான். வௌவால் கத்துறது பெரும்பாலும் அடையுற மரத்துலயும் பழம் தின்னுற மரத்துலயும்தான்.

ஆனா 'மரத்துல அடைஞ்சா வௌவால்'னு கணக்குப் போட்டா தப்பாப் போகும். சிறகியும் மரத்துல உட்காரும், பொந்துல 7 முதல் 12 முட்டை வரை இடும், ஆணும் பெண்ணும் மாறி மாறி 22-24 நாள் அடைகாக்கும். வௌவால் வருஷத்துக்கு ஒரே குட்டி. அதான் ஒரு மரத்தை வெட்டினாலும், கீழே வெடி போட்டாலும் அந்தக் கூட்டம் தேற நாளாகும். வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டின கொள்ளுகுடிப்பட்டியில, பறவைகளுக்காகத் தீபாவளிக்குக்கூட வெடி போடுறதில்ல.

செட்டிநாட்டான்:
அப்ப வௌவாலேதான், ஒண்ணுகூட மிதக்கல! சப்போட்டாவுக்கு வலை போடலாமா?

கண்மாய்க்கரை:
மீன்வலை, நைலான் நரம்பு வலை வேண்டவே வேண்டாம். இறக்கைச் சவ்வு சிக்கினா, உதற உதறக் கிழியும். வலைக்கண் 5 மி.மீ.க்குள்ள இருக்கணும், அதாவது சுண்டுவிரல் நுழையக்கூடாது. வெள்ளை வலையா வாங்கி, சட்டம் அடிச்சு, தொய்வில்லாம இழுத்துக் கட்டுங்க. நாலஞ்சு குலைதான்னா துணிப்பை போதும். சிக்கினதை வெறுங்கையால தொடாதீங்க, கடிச்சா வெறிநோய் பயம் உண்டு. வனத்துறைக்குச் சொல்லிட்டு, ஆள் வர்றவரைக்கும் மேல ஒரு துணியைப் போர்த்தி வைங்க.

புள்ளிமூக்கன்:
கடிச்ச பழத்தையும் எடுத்துத் தின்னாதீங்க, மாட்டுக்கும் போடாதீங்க.