சேலத்தில் சைகை மொழி சொல்லித்தருபவர் யாராவது இருக்கிறார்களா?

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் அம்மாபேட்டையில் இருக்கிறோம். என் மகளுக்கு ஏழு வயது, பிறவியிலேயே காது கேட்காது. இரண்டு வயதில் ஆபரேஷன் செய்து காக்ளியர் இம்ப்ளான்ட் (ஒலியை உணர உதவும் கருவி) வைத்தோம், பேச்சுப் பயிற்சியும் நடக்கிறது. ஆனால் 'கையை ஆட்டினால் வாய் பேச வராது' என்று ஒருவர் சொன்னதை நம்பி, இத்தனை வருஷம் அவள் கையைப் பிடித்து இறக்கி விட்டுக்கொண்டே இருந்தேன். நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

போன மாதம் ஏற்காடு பஸ்ஸுக்காக நின்றபோது, பக்கத்தில் காது கேளாத இளைஞர்கள் நாலைந்து பேர் கையாலேயே பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இவள் நேராக அவர்கள் நடுவில் போய் நின்றாள். ஒரு பெண் இவள் கன்னக்குழியைப் பார்த்து, தன் கன்னத்தில் விரலை வைத்து லேசாகத் திருகிக் காட்டினாள். இதுதான் இவளுக்குச் சைகைப் பெயர் என்று போனில் எழுதியும் காட்டினாள். அன்று ராத்திரி தூங்கும்வரை கண்ணாடி முன்னால் அதையேதான் செய்துகொண்டிருந்தாள்.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். 1880-ல் இத்தாலியின் மிலானில் நடந்த காது கேளாதோர் கல்வி மாநாட்டில், பள்ளிகளில் சைகை வேண்டாம் என்று தீர்மானித்தார்களாம். அதற்கு வருத்தம் தெரிவிக்க 2010 வரை ஆகியிருக்கிறது. சைகைக்குத் தனி இலக்கணமே உண்டு. ஆனால் வீட்டில் இன்னமும் காது கேளாததைக் 'குறை' என்றுதான் சொல்கிறார்கள்.

சேலத்தில் இந்தியச் சைகை மொழி கற்றுத்தருபவர், முக்கியமாகக் காது கேளாதவராகவே ஒருவர், தெரிந்தால் சொல்லுங்கள். குடும்பமாகக் கற்கப் போகிறோம். காது கேளாதவர்கள் கூடும் இடம் தெரிந்தாலும் சரி. ஞாயிற்றுக்கிழமை என்றால் ஏற்காட்டுக்கும் வருவோம்.