தொலைக்காட்சியும் பிள்ளைகளும்: படம்பிடிக்கப் போன இடத்தில் பார்த்தது

செம்பனைச்சாலை:
மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், ஆறாம் படிவ மாணவி ஒருத்தியின் வீடியோ வேலை. தலைப்பு எல்லாருக்கும் தெரிந்ததுதான்: தொலைக்காட்சியும் பிள்ளைகளும். வரிசை வீடு, ஆறு வயதுப் பையன், துணைக்குப் பாட்டி. மாலை நாலரைக்கு மழை பிடித்தது. ஆஸ்ட்ரோ செயற்கைக்கோள் டிவியின் படம் கட்டம் கட்டமாக உடைந்து, கார்ட்டூன் நாய் வாயைத் திறந்தபடி நின்றது. பிறகு வெறும் அறிவிப்பு. பையன் அந்த அறிவிப்பையே பார்த்துக்கொண்டிருந்தான், கையிலிருந்த முறுக்கு வாய்க்குப் போகவில்லை. அப்புறம் எழுந்துபோய்ப் பாட்டி முந்தானையைப் பிடித்தான். "பாட்டி, நாய்க்கு என்ன ஆச்சு?" பாட்டி அடுப்படியில் நின்றபடியே மீதிக் கதையை இட்டுக்கட்டிச் சொன்னார். அவன் நடுநடுவே திருத்தினான். "லைன் போச்சு" என்று மாணவி அதற்குள் கேமராவை நிறுத்திவிட்டாள். படமே அந்த எட்டு நிமிடம்தான், பதிவாகவில்லை. பதிவான 35 நிமிடத்திலும் டிவித் திரையில் கறுப்புப் பட்டை ஓடுகிறது. அடுத்த தடவை எப்படி எடுப்பது?

லயத்துலென்ஸ்:
பட்டைக்குக் காரணம் ஷட்டர், அதாவது ஒவ்வொரு பிரேமுக்கும் கேமரா ஒளியை வாங்கும் நேரம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், கைபேசியோ பெரும்பாலும் விநாடிக்கு 30 பிரேமில், ஷட்டரைத் தன் இஷ்டத்துக்கு வைத்து எடுக்கிறது. 25 பிரேம், ஷட்டர் 1/50 விநாடி என்று பூட்ட வேண்டும். கைபேசியோடு வரும் கேமராவில் முடியாவிட்டால் பிளாக்மேஜிக் கேமரா செயலி இலவசம். அப்படியும் பட்டை தெரிந்தால் டிவியின் ஒளி அளவை முழுசாக ஏற்றுங்கள். ஒளியைக் குறைக்கும்போது பல எல்.இ.டி. டிவிகள் விளக்கை வேகமாக அணைத்து அணைத்துத்தான் ஏற்றுகின்றன, அதைத்தான் கேமரா பிடிக்கிறது.

பையனின் முதுகுக்குப் பின்னால் முக்காலி வைப்பதுதான் எல்லா மாணவரும் செய்யும் தப்பு. டிவி யாருக்கு வேண்டும்? முகம்தான் வேண்டும். டிவிக்குப் பக்கத்தில், தரையில் உட்கார்ந்த பிள்ளையின் கண் உயரத்துக்கு வையுங்கள். கைபேசித் திரையில் தெரியும் கன்னத்தில் விரலை அழுத்தி வெளிச்சத்தைப் பூட்டுங்கள், இல்லாவிட்டால் காட்சி மாறும்போதெல்லாம் முகம் வெளுத்துக் கறுக்கும். கைபேசி விமான நிலையில் இருக்கட்டும், நடுவில் அழைப்பு வந்தால் பதிவு அறுந்துவிடும். தகரக் கூரையில் மழை விழுந்தால் கைபேசி மைக் உதவாது. சட்டை மைக்கைத் தாடைக்கு ஒரு சாண் கீழே குத்துங்கள். முதல் பத்து நிமிடம் பிள்ளை கேமராவைத்தான் பார்க்கும், அதை வெட்டி எறியலாம்.

ஆயாக்கொட்டாய்:
லென்ஸ் அண்ணே, டிவி வேண்டாம் என்பதை ஒத்துக்கொள்ள முடியாது. பிள்ளை எதைப் பார்த்து முகம் மாறியது என்று தெரியாவிட்டால் முகத்தை வைத்து என்ன செய்வது? இரண்டாவது கைபேசி ஒன்று திரையைப் பிடிக்கட்டும். தொடங்கும்போது ஒரு தடவை கைதட்டினால் இரண்டு பதிவையும் அந்தச் சத்தத்தில் ஒட்டிவிடலாம்.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வீடு ஒன்றில் இரண்டு வயதுக் குழந்தை. டிவியில் ஓடியது பெரியவர்கள் சீரியல், குழந்தைக்காக யாரும் போடவில்லை. மரக்கட்டை அடுக்கிக்கொண்டிருந்தது. மூன்றாவது கட்டையைத் தூக்கும்போது விளம்பரப் பாட்டு. தலை திரும்பியது, கட்டை கையிலேயே நின்றது. பாட்டு முடிந்ததும் குழந்தை வேறு பொம்மைக்குப் போய்விட்டது. ஒரு மணி நேரத்தில் நாலாவது கட்டை ஏறவே இல்லை.

இதை அழகான பின்னணிக் குரலில் சொல்ல வேண்டாம், எண்ணிக் காட்டுங்கள். தாளில் கோடு போட்டு, பத்து விநாடிக்கு ஒரு கட்டம்: பிள்ளையின் கவனம் எதில் என்று, திரை, விளையாட்டு, ஆள் மூன்றில் ஒன்று. டிவி ஓடும் 20 நிமிடம், நிறுத்திய 20 நிமிடம். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டியைப் போடுவதானால் சரியாகப் போடுங்கள்: இரண்டு வயது நிறையும் வரை திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். ஆறு வயதுப் பையனுக்கு அது பொருந்தாது. பெற்றோர் கையெழுத்துக் கடிதம் தமிழிலும் மலாயிலும் இருக்கட்டும். பாட்டி தலையாட்டினால் போதாது. பள்ளிச் சின்னம், வீட்டு எண் இரண்டும் படத்தில் தெரியக் கூடாது.

பெரட்டுமணி:
பெரியவர் பொம்மையை அடிப்பதைப் பார்த்தால் பிள்ளையும் அடிக்குமா என்று பார்த்த சோதனையை எல்லாரும் தப்பாகவே போடுகிறார்கள். உளவியலாளர் பந்துரா 1961-இல் ஸ்டான்ஃபோர்டில் 72 பிள்ளைகளை வைத்துச் செய்ததில் டிவி கிடையாது. பெரியவர் ஒருவர் நேரில் நின்று பொம்மையை அடித்தார். படம் காட்டிச் செய்தது 1963-இல். டிவி பற்றிப் பேச 1963-ஐத்தான் எடுக்க வேண்டும்.

மழைக் காட்சிக்கு ஒரு வழி: ஆஸ்ட்ரோ டிகோடர் பெட்டியின் பின்னால் டிஷ் கேபிளைத் திருகிக் கழற்றினால் அதே அறிவிப்பு வரும்.

நாலாம்வரிசை:
மணி அண்ணே, அது ஏமாற்று. கழற்றினால் "கேபிளை நாங்கள் கழற்றினோம்" என்று திரையில் எழுத வேண்டும். எழுதிய பிறகு அந்தக் காட்சிக்கு உயிர் இருக்காது.

கேள்வியையும் கவனியுங்கள். "டிவி பார்த்தால் படிப்பு கெடுமா?" என்று ஒரு மாணவர் கேட்டதற்கு ஏழு வயதுச் சிறுமி, "ஆமா சார்" என்றாள். பத்துக் கேள்விக்கும் ஆமா சார்தான். கேமராவை மூடப் போகையில் பாட்டி சாப்பிடக் கூப்பிட்டார். "நான் உடனடியாகப் புறப்பட வேண்டும், பாட்டி!" என்றாள், டப்பிங் கார்ட்டூனின் அதே இழுவையில். பாட்டிக்குப் புரியவில்லை, "எங்கடி போற?" என்றார். கேள்வி கேட்காதீர்கள். "நேத்துப் பார்த்ததை நடிச்சுக் காட்டு" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள்.

செம்பனைச்சாலை:
கேபிளைத் தொடப் போவதில்லை. அக்டோபர், நவம்பரில் இங்கே பிற்பகல் இடிமழை வாடிக்கை, ஆஸ்ட்ரோ படம் வரும் கூ-பேண்ட் அலை கனமழையில் தேய்ந்துதான் போகும். மூன்று நாலு மாலை தொடர்ந்து போவதாகத் திட்டம். படம் நின்றாலும் பதிவை நிறுத்துவதில்லை என்று தாளில் பெரிதாக எழுதி முக்காலியில் ஒட்டியாயிற்று. பாட்டிக்கும் ஒரு மைக், அவர் அடுப்படியில்தான் நிற்பார். முறுக்குக் கடிக்கும் சத்தம் மைக்கில் இடி மாதிரி விழுகிறது, அன்றைக்குப் பையனுக்கு அவல் பிசைந்து கொடுக்கச் சொல்லியிருக்கிறது.