ஆபீஸ் ப்ராக்ஸியைத் தாண்டி விண்டோஸ் அப்டேட் இறங்க மாட்டேன் என்கிறது, யாராவது உதவுங்கள்

ரோஸ்ஹில்வாசி (மொரீஷியஸ்):

வணக்கம். எபென் சைபர்சிட்டியில் ஒரு பேக் ஆபீஸில் ஐடி சப்போர்ட் பார்க்கிறேன். இங்கே ஐடி என்றால் நான் ஒருவன்தான். பிரிண்டர் முதல் வைஃபை வரை எல்லாம் என் தலையில். தலைமை அலுவலகம் பாரிஸில். ஃபயர்வால், ப்ராக்ஸி (எங்கள் இன்டர்நெட் போக்குவரத்து கடந்து போகும் இடைச் சர்வர்) இரண்டும் அங்கே உள்ள நெட்வொர்க் டீம் கையில். எனக்கு அதன் லாகை, அதாவது நடந்ததைக் குறித்து வைக்கும் பதிவை, பார்க்கக்கூட அனுமதி இல்லை.

போன மாதம் அவர்கள் ப்ராக்ஸியை மாற்றினார்கள். அதிலிருந்து எங்கள் விண்டோஸ் 11 மெஷின் எதற்கும் அப்டேட் வரவில்லை. செக் ஃபார் அப்டேட்ஸ் அழுத்தினால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, கடைசியில் 80072இஇ2 என்று பிழை காட்டி நிற்கிறது. அதே மெஷினில் எட்ஜ் திறந்தால் மைக்ரோசாஃப்ட் தளம் நன்றாக வருகிறது. அப்டேட் கேட்டலாக் பக்கத்திலிருந்து கோப்பைக் கையால் இறக்கி இன்ஸ்டால் செய்தால் அதுவும் ஆகிறது. என் போன் ஹாட்ஸ்பாட்டில் போட்டால் அப்டேட் தானாகவே ஓடத் தொடங்குகிறது.

ட்ரபிள்ஷூட்டர் ஓட்டியாயிற்று, சாஃப்ட்வேர்டிஸ்ட்ரிப்யூஷன் ஃபோல்டரைக் காலி செய்தாயிற்று, சிஸ்டம் கோப்புகளைச் சரிபார்க்கும் எஸ்எஃப்சி ஸ்கேனும் ஆயிற்று. பாரிஸுக்கு டிக்கெட் போட்டால், "உங்கள் மெஷினில் இன்டர்நெட் வேலை செய்கிறது, எங்கள் பக்கம் பிரச்சினை இல்லை" என்று மூடிவிட்டார்கள். மேனேஜர் எல்லாவற்றையும் ஹாட்ஸ்பாட்டில் போட்டு முடிக்கச் சொல்கிறார். இன்னொருவர் அப்டேட்டையே நிறுத்தி வை என்கிறார். எனக்கு இரண்டுக்கும் மனசு ஒப்பவில்லை. இந்த மெஷின்களில் மற்றவர்களின் சம்பளக் கணக்கு இருக்கிறது. பாரிஸ்காரர்களிடம் எதைக் காட்டினால் கேட்பார்கள்?


கடலோர நெட்வொர்க் (போர்ட் லூயிஸ்):

தம்பி, மெஷினில் இனி எதையும் நோண்டாதீர்கள். ஹாட்ஸ்பாட்டில் ஓடுகிறது என்றாலே மெஷின் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

எட்ஜ் வருகிறது, அப்டேட் வரவில்லை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எட்ஜ் உங்கள் லாகின் பெயரில், நீங்கள் செட்டிங்ஸில் கொடுத்த ப்ராக்ஸி வழியாக வெளியே போகிறது. விண்டோஸ் அப்டேட் ஒரு சர்வீஸ். அது சிஸ்டம் அக்கவுண்டில் ஓடுகிறது, வின்ஹெச்டிடிபி என்ற வேறொரு அடுக்கு வழியாகப் போகிறது. யூசருக்குப் போட்ட ப்ராக்ஸி செட்டிங் அதற்குப் போய்ச் சேராது. அட்மினிஸ்ட்ரேட்டராகக் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து "நெட்ஷ் வின்ஹெச்டிடிபி ஷோ ப்ராக்ஸி" அடித்துப் பாருங்கள். "டைரக்ட் ஆக்சஸ், நோ ப்ராக்ஸி சர்வர்" என்று வந்தால், சர்வீஸ் ப்ராக்ஸியை விட்டுவிட்டு நேராக ஃபயர்வாலில் போய் முட்டிக்கொண்டிருக்கிறது.

உங்கள் பிழை எண்ணும் அதைத்தான் சொல்கிறது. 80072இஇ2 என்றால் டைம்அவுட். யாரும் மறுக்கவில்லை, பதிலே வரவில்லை. ஃபயர்வால் பாக்கெட்டைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிட்டது. ப்ராக்ஸி "கூடாது" என்று சொல்லியிருந்தால் ஹெச்டிடிபி பதில் எண் 403, விண்டோஸ் பிழை எண்ணில் 80244018 வந்திருக்கும். ப்ராக்ஸி பாஸ்வேர்டு கேட்டிருந்தால் 407, விண்டோஸில் 8024401பி. எந்த எண் வந்தது என்று டிக்கெட்டில் எழுதினால் நெட்வொர்க் ஆளுக்குப் பாதி வேலை முடிந்துவிடும். "அப்டேட் வரவில்லை" என்று மட்டும் எழுதினால் அவர் எட்ஜைத் திறந்து பார்த்துவிட்டு மூடத்தான் செய்வார்.

முதலில் ஒரே ஒரு மெஷினில் "நெட்ஷ் வின்ஹெச்டிடிபி இம்போர்ட் ப்ராக்ஸி சோர்ஸ்=ஐஇ" கொடுத்துப் பாருங்கள். யூசருடைய ப்ராக்ஸி முகவரி சிஸ்டத்துக்கும் வந்துவிடும். அதற்குப் பிறகு 407 வந்தால், ப்ராக்ஸி லாகின் கேட்கிறது என்று பொருள். சர்வீஸுக்குப் பாஸ்வேர்டு அடிக்க ஆள் கிடையாது, அப்போது அப்டேட் முகவரிகளுக்கு மட்டும் லாகின் இல்லாமல் விடச் சொல்ல வேண்டியிருக்கும்.

ஹாட்ஸ்பாட் வேண்டவே வேண்டாம். ஒரு பக்கம் ஆபீஸ் கேபிள், மறுபக்கம் போன் என்று ஒரு மெஷின் இருந்தால் ஃபயர்வாலுக்கே தெரியாமல் ஒரு பின்வாசல் திறந்த மாதிரி. சம்பளக் கணக்கு இருக்கும் இடத்தில் அதைச் செய்யவே கூடாது. அப்டேட்டை நிறுத்தி வைக்கலாம் என்பவரிடம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரையை நினைவுபடுத்துங்கள். அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச்சை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்றே வெளியிட்டுவிட்டது. தாக்குதல் வந்தது மே 12. இடையில் இரண்டு மாதம் இருந்தது. அதைப் போடாமல் விட்ட இடங்கள்தான் மாட்டின, பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் உட்பட.


ரோஸ்ஹில்வாசி:

அண்ணா, நீங்கள் சொன்னது அப்படியே இருந்தது. டைரக்ட் ஆக்சஸ் என்றுதான் காட்டியது. இம்போர்ட் செய்தவுடன் பட்டியல் வந்துவிட்டது! 407 வரவில்லை. விண்டோஸின் ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் சின்ன அப்டேட் இறங்கி இன்ஸ்டாலும் ஆகிவிட்டது.

ஆனால் இந்த மாதத்துக் க்யூமுலேட்டிவ் அப்டேட் (எல்லாத் திருத்தங்களும் சேர்ந்த பெரிய கோப்பு) மட்டும் கொஞ்சம் ஏறி, நின்று, திரும்பப் பூஜ்யத்துக்கு வருகிறது. இப்போது பிழை 80டி05001. இன்னொன்றும் கவனித்தேன். அது இறங்கும் நேரத்தில் ஆபீஸ் முழுக்க இன்டர்நெட் தவழ்கிறது, கணக்குப் பிரிவில் எல்லோரும் என்னைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு மெஷின்தான் இறக்குகிறது, அதற்கு இவ்வளவு இழுக்குமா?


டர்பன்காரி:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் துறைமுகப் பக்கத்து ஆபீஸில் இதே எண்ணோடு மல்லுக்கட்டியிருக்கிறோம், அதனால் எழுதுகிறேன். சின்னது இறங்குகிறது, பெரியது இறங்கவில்லை, லைன் அடைக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் ரேஞ்ச் ரிக்வெஸ்ட்டைப் பாருங்கள் தம்பி.

விண்டோஸ் அப்டேட் பெரிய கோப்பை ஒரே மூச்சில் கேட்காது. "இந்த பைட்டிலிருந்து இந்த பைட் வரை கொடு" என்று துண்டு துண்டாகக் கேட்கும். ஹெச்டிடிபியில் அதற்கு ரேஞ்ச் என்ற ஹெடர், அதாவது கோரிக்கையோடு சேர்ந்து போகும் ஒரு குறிப்பு, இருக்கிறது. பல ப்ராக்ஸிகளில் ஆன்டிவைரஸ் ஸ்கேன் இருக்கும். துண்டை வைத்துக்கொண்டு ஸ்கேன் செய்ய முடியாது என்பதால் அந்த ஹெடரையே பிய்த்துப் போட்டுவிட்டு, முழுக் கோப்பையும் இழுத்துவரும். மெஷின் கேட்டது ஒரு துண்டு, வந்தது முழுசு. அளவு பொருந்தவில்லை என்று மெஷின் அதைத் தள்ளிவிட்டு மறுபடி கேட்கிறது, ப்ராக்ஸி மறுபடி முழுசாக இழுக்கிறது. உங்கள் லைன் தவழ்வதற்கு இதுதான் காரணமாக இருக்கும்.

சந்தேகமில்லாமல் காட்ட ஒரு வழி இருக்கிறது. கேட்டலாக் பக்கத்தில் அந்த அப்டேட்டின் டவுன்லோட் லிங்க்கைக் காப்பி செய்யுங்கள். விண்டோஸிலேயே கர்ல் என்ற, கட்டளை வழியாகக் கோப்பு இறக்கும் கருவி இருக்கிறது. அதில் ப்ராக்ஸி முகவரியையும், ரேஞ்ச் 0-1023 என்பதையும் கொடுத்து, ஹெடர் தெரிகிற மாதிரி ஓட்டுங்கள். ஒழுங்கான ப்ராக்ஸி என்றால் 206 பார்ஷியல் கன்டென்ட் என்று வரும், கன்டென்ட்-லெங்த் 1024 இருக்கும். 200 ஓகே என்று வந்து, கன்டென்ட்-லெங்த்தில் கோப்பின் முழு அளவும் நின்றால் ஹெடரை யாரோ நடுவில் எடுத்துவிட்டார்கள். அதே கட்டளையை ஆபீஸுக்கு வெளியே, வீட்டு லைனில் ஓட்டி 206 வாங்கி, இரண்டையும் பக்கத்தில் வைத்து அனுப்புங்கள். அதற்கு மேல் யாரும் வாதாட முடியாது.

கையோடு இன்னொன்று. எட்ஜில் ஏதாவது ஹெச்டிடிபிஎஸ் தளம் திறந்து, பூட்டு அடையாளத்தை அழுத்தி, சர்டிஃபிகேட்டை வழங்கியவர் பெயரைப் பாருங்கள். அங்கே உங்கள் கம்பெனி பெயரோ ஃபயர்வால் பெயரோ இருந்தால் எஸ்எஸ்எல் இன்ஸ்பெக்ஷன் நடக்கிறது, அதாவது மறையாக்கிய போக்குவரத்தை நடுவில் பிரித்துப் பார்க்கிறார்கள். எட்ஜ் அதை ஏற்றுக்கொள்ளும். அப்டேட் சர்வர்களோடு பேசும்போது விண்டோஸ் மைக்ரோசாஃப்ட்டின் சொந்தச் சர்டிஃபிகேட்டைத்தான் எதிர்பார்க்கும், நடுவில் மாற்றி வைத்தால் ஒத்துக்கொள்ளாது. உங்களுக்குப் பட்டியல் வருவதால் அந்த முகவரிகளை ஏற்கெனவே விட்டிருப்பார்கள். இருந்தாலும் டிக்கெட்டில் ஒரு வரி சேருங்கள்.


ரோஸ்ஹில்வாசி:

அக்கா, ஓட்டிப் பார்த்தேன். ஆபீஸில் 200, முழு அளவு. வீட்டில் 206, 1024. கேட்டலாகிலிருந்து கையால் இறக்கியது ஏன் வேலை செய்தது என்பதும் இப்போதுதான் விளங்குகிறது, எட்ஜ் முழுசாகக் கேட்டது, முழுசாகவே வந்தது. இதை எப்படி எழுதி அனுப்புவது?


கடலோர நெட்வொர்க்:

டர்பன்காரி சொன்னதுதான் சரி. டிக்கெட்டில் ஐபி முகவரி கேட்காதீர்கள். அப்டேட் கோப்புகள் சிடிஎன், அதாவது பல இடங்களில் பரவிய சர்வர்கள், வழியாக வருகின்றன, ஐபி மாறிக்கொண்டே இருக்கும், இன்று திறந்தது நாளை பயன்படாது. பெயராகக் கேளுங்கள்: விண்டோஸ்அப்டேட்.காம், அப்டேட்.மைக்ரோசாஃப்ட்.காம், டெலிவரி.எம்பி.மைக்ரோசாஃப்ட்.காம். மூன்றுக்கும் முன்னால் நட்சத்திரக் குறி போட்டு, துணைப் பெயர்களும் அடங்குகிற மாதிரி. ஹெச்டிடிபிஎஸ்ஸின் போர்ட் 443 மட்டும் போதாது, போர்ட் 80-ம் வேண்டும். கோப்புகள் சாதாரண ஹெச்டிடிபியிலும் வரும்.

அங்கேதான் பாதுகாப்பு ஆள் மறுப்பார். "ஸ்கேன் செய்யாமல் எப்படி விடுவது?" என்பார். அதற்குப் பதிலை இப்போதே எழுதிவிடுங்கள்: ஒவ்வொரு அப்டேட் கோப்பும் மைக்ரோசாஃப்ட் கையெழுத்திட்டது, இறங்கிய பிறகு விண்டோஸ் அதைச் சரிபார்த்துத்தான் இன்ஸ்டால் செய்யும், நடுவில் ஒரு பைட் மாறினாலும் தள்ளிவிடும். ஆகவே இந்தப் பெயர்களுக்கு மட்டும் ரேஞ்ச்சை விடுங்கள், ஸ்கேனையும் இன்ஸ்பெக்ஷனையும் தவிருங்கள், மற்றதெல்லாம் இருக்கிறபடி இருக்கட்டும் என்று கேளுங்கள்.

மெஷினின் ஐபியைக் குறிப்பிடுங்கள், சோதித்த நேரத்தை யுடிசியில் (உலகப் பொது நேரம்) எழுதுங்கள். இது அற்பமாகத் தெரியும், ஆனால் இங்கே கோடை நேர மாற்றம் கிடையாது, பாரிஸில் உண்டு. வருடத்தில் பாதி இரண்டு மணி வித்தியாசம், பாதி மூன்று. நீங்கள் காலை ஒன்பது என்று எழுதினால் அவர்கள் தங்கள் ஒன்பது மணி லாகைத் தேடிவிட்டு ஒன்றுமில்லை என்பார்கள். முடிந்தால் நம் நேரம் பகல் பன்னிரண்டுக்குக் கூப்பிட்டு, அவர்கள் லாகைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பட்டனை அழுத்துங்கள்.


ரோஸ்ஹில்வாசி:

திறந்துவிட்டார்கள்! இந்த முறை டிக்கெட்டை மூடவில்லை, அவர்களே போன் செய்தார்கள். ஹெடரைப் பிய்க்கும் விதியைப் புது ப்ராக்ஸியில் யாரோ எல்லாத் தளத்துக்கும் போட்டிருந்தார்களாம். இப்போது 206 வருகிறது, முதல் மெஷின் ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருக்கிறது. இருவருக்கும் மிக்க நன்றி.

மற்ற மெஷின்களுக்கும் அந்த இம்போர்ட்டையே போட்டுவிடலாமா? பாதி லேப்டாப்.


கடலோர நெட்வொர்க்:

மேஜை மெஷினுக்குப் போடுங்கள், லேப்டாப்புக்கு வேண்டாம். இம்போர்ட் செய்த ப்ராக்ஸி நிலையாக உட்கார்ந்துவிடும். புயல் எச்சரிக்கை மூன்றாம் வகுப்பு வந்தால் ஆபீஸ் மூடி எல்லோரும் லேப்டாப்போடு வீட்டுக்குப் போவார்கள். அங்கே ஆபீஸ் ப்ராக்ஸி கிடைக்காது, அப்டேட் திரும்ப நின்றுவிடும், உங்களிடம் சொல்லவும் மாட்டார்கள். சோதித்த மெஷின் லேப்டாப் என்றால் "நெட்ஷ் வின்ஹெச்டிடிபி ரீசெட் ப்ராக்ஸி" போட்டுப் பழையபடி ஆக்குங்கள்.

பாரிஸில் பேக் (பிஏசி) ஃபைல், அதாவது எப்போது எந்த ப்ராக்ஸி என்று சொல்லும் கோப்பு, வைத்திருந்தால் அதன் முகவரியை விண்டோஸ் 11-ல் "நெட்ஷ் வின்ஹெச்டிடிபி செட் அட்வ்ப்ராக்ஸி" மூலம் மெஷின் முழுவதற்கும் கொடுக்கலாம். ஆபீஸில் ப்ராக்ஸி, வீட்டில் நேர் வழி என்று அதுவே பார்த்துக்கொள்ளும்.

எல்லா மெஷினும் தனித்தனியாகப் பாரிஸ் வழியே இழுத்தால் உங்கள் லைன் தாங்காது. டெலிவரி ஆப்டிமைசேஷனை உள் நெட்வொர்க்குக்கு மட்டும் ஆன் செய்து, மெஷின்களுக்கிடையே டிசிபி 7680 திறந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று இறக்கியதை மற்றவை பக்கத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும். முதல் நாள் இரண்டு மூன்று மெஷினுக்கு விட்டு, மறுநாள் மற்றவற்றைத் திறந்துவிடுங்கள்.